பழைய ஜெராக்ஸ்களை எடைக்குப் போடுமுன்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களிடம் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட் என்று நகல்களைக் கேட்டு வாங்குவது நாங்கள்தான். சென்ற ரமலானுக்கு முன் அலுவலகத்தைச் சுத்தம் செய்தபோது பழைய விண்ணப்பங்கள் மூன்று மூட்டை சேர்ந்திருந்தன. பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நின்ற நேரத்தில் நம் சகோதரர் ஒருவர் குறுக்கே வந்து தடுத்தார். முந்தின வாரம் அவர் வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், யாரோ ஒரு பெண்மணியின் போட்டோ, ஆதார் எண், கணக்கு எண், கீழே கைநாட்டு எல்லாம் அதில் இருந்ததாம். "நம்ம புள்ளைங்க பேப்பர்ல நாளைக்கு வடை மடிச்சுக் குடுத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மூட்டைகள் உள்ளே போயின. ஷ்ரெட்டர் எனப்படும் காகிதம் நறுக்கும் மெஷின் ஒன்றை வாங்கினோம்.

முதலில் வாங்கியது தவறான மெஷின். விலை குறைவு என்று, காகிதத்தை நீள நீளமாக நாடா போல வெட்டும் வகையை எடுத்தோம். எங்களுக்கு உதவ வந்த பத்தாம் வகுப்புப் பையன், குப்பையிலிருந்து நாலைந்து நாடாக்களை எடுத்து மேஜைமேல் அடுக்கி, ஒரு பாஸ்புக் பக்கத்தைப் படித்தே காட்டிவிட்டான். எழுத்து வரிகள் வெட்டும் திசையிலேயே போனால், கணக்கு எண் ஒரே நாடாவில் முழுசாக வந்துவிடுகிறது. ஆகவே வாங்குவதானால் 'கிராஸ் கட்' வகையை வாங்குங்கள். அது நீளத்திலும் குறுக்கிலும் வெட்டிப் பொடித் துண்டுகளாக்கும். பெட்டியில் P-4 என்று போட்டிருந்தால் நல்லது. ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மிகாது என்பது அதன் பொருள். வீட்டுக்கு இது தாராளம். P-5, P-7 என்று விலை கூடிய மெஷினைக் கடைக்காரர் காட்டினால் மயங்க வேண்டாம்.

ஒரு தடவைக்கு 5 அல்லது 6 தாள் இழுக்கும் சிறிய மெஷின் போதும். ஆனால் எத்தனை நிமிடம் ஓடும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். சின்ன மெஷின்கள் பல, இரண்டு மூன்று நிமிடம் ஓடியதும் சூடேறித் தானாக நின்றுவிடும்; மறுபடி ஓட அரை மணி நேரம்கூட ஆகலாம். கெட்டுப்போய்விட்டது என்று பதறி எங்கள் ஆள் ஒருவர் அதைக் கடைக்கே தூக்கிக்கொண்டு ஓடினார். ரிவர்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாள் சிக்கினால் அதுதான் கைகொடுக்கும்.

6 தாள் என்று போட்டிருந்தால் 4 தாளுக்கு மேல் போடாதீர்கள். மடித்த தாள் இரண்டு தாளுக்குச் சமம். ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். ஈரத்தாள், ஸ்டிக்கர், லேமினேட் செய்த அட்டை எதுவும் உள்ளே போகக்கூடாது. பசை பிளேடில் ஒட்டிக்கொள்ளும். பழைய ஏ.டி.எம். கார்டுக்குத் தனி வாய் இல்லாத மெஷினானால், சிப்பும் கறுப்புப் பட்டையும் எண்ணும் துண்டாகும்படி கத்தரியால் வெட்டிவிடலாம். பிளேடு முனகத் தொடங்கினால் ஒரு தாளில் ஷ்ரெட்டர் எண்ணெயைக் கோடு போல விட்டு உள்ளே அனுப்புங்கள். ஸ்பிரே எண்ணெய் மட்டும் வேண்டாம். அது தீப்பற்றக்கூடியது, மோட்டாரிலோ பொறி பறக்கும்.

பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைக் கவனமாகப் படியுங்கள். தாள் வாயில் பட்டதுமே தானாக ஓடத் தொடங்கும் மெஷின்கள் இவை. தாளுக்கும் பிஞ்சு விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி மெஷினை உயரத்தில் வையுங்கள். பெண்கள் துப்பட்டா, முந்தானை நுனியைச் செருகிக்கொண்டு பக்கத்தில் போங்கள்.

நறுக்குமுன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்று, நிக்காஹ் சான்று, கடன் அடைத்ததற்கு பேங்க் தந்த கடிதம் இவை பழசானாலும் தேவைப்படும். வாப்பா, உம்மா காகிதங்களை அவர்களிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் வீணான நகல், காலாவதியான இன்சூரன்ஸ் தாள், பெயரும் போன் நம்பரும் உள்ள கூரியர் லேபிள் இவைதான் முதலில் ஒழிய வேண்டியவை. லேபிள் ஸ்டிக்கராக இருந்தால் கத்தரிதான்.

இறைவசனமும் பிஸ்மில்லாஹ்வும் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள்களை இதோடு சேர்க்காதீர்கள். அவற்றைத் தனியே எடுத்து வைத்து, என்ன செய்வதென்று உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "அப்துல்லாஹ் என்ற பெயரே ஆதார் நகலில் இருக்கிறதே?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். மனம் ஒப்பாதவர்கள் பெயர் உள்ள இடத்தை மட்டும் கிழித்துத் தனியே சேர்த்து வைக்கலாம். எண் உள்ள பகுதி மெஷினுக்குப் போகட்டும்.

இனிமேல் நகல் கொடுக்கும்போது முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரையே கேட்ட இடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எங்கள் விண்ணப்பத்துக்கும் இனி அதுவே போதும்.

மாதம் பத்துத் தாள்கூடச் சேராத வீட்டுக்கு மெஷினே வேண்டாம். இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்தால் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மெஷின் ஓடும். காகிதத்தை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், உங்கள் கையாலேயே போட்டு நறுக்கிவிட்டுப் போங்கள்.