பாதம் கேட்கும் அவகாசம்

நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் முழுதாக ஊன்றுங்கள். பெருவிரலை மட்டும் கையால் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். உள்ளங்காலின் உட்புற வளைவு தானாக எழும்பி நிற்பது தெரியும். விரலை விட்டதும் தணிந்துவிடும். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை விரிந்து ஓடும் தடித்த திசுப்பட்டை ஒன்று உள்ளங்காலுக்குள் இருக்கிறது. விரல் மேல்நோக்கி மடங்கும்போது அந்தப் பட்டை விரல் மூட்டைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலும் விரலடியும் ஒன்றையொன்று நெருங்க, வளைவு உயர்கிறது; பாதம் முழுவதும் இறுகுகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளக்கி எழுதினார். நாமோ நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒவ்வொரு அடியிலும் இதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

தரையைத் தொடும் நேரத்தில் பாதம் நெகிழ வேண்டும், மேடுபள்ளத்துக்கு இணங்க வேண்டும். அடுத்த கணமே உடலை முன்னுக்கு உந்தித் தள்ளும் அளவுக்கு விறைக்க வேண்டும். ஓடும்போது இத்தனைக்கும் கிடைப்பது சுமார் கால் நொடி. மூளை யோசித்து உத்தரவு போட அதில் அவகாசமே இல்லை. உத்தரவுக்குக் காத்திராமல் அமைப்பே வேலையை முடித்துவிடுகிறது. இதை நினைக்கும்போது கைகூப்பத்தான் தோன்றுகிறது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டிலும் சேர்த்து 52. உடலின் 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு இந்தச் சிறிய இடத்தில் குவிந்திருக்கிறது. அவற்றில் கணுக்காலில் இருக்கும் தாலஸ் எலும்பைத் தனியே சொல்ல வேண்டும். உடலின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனாலும் ஒரு தசைகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. சுற்றியுள்ள எலும்புகளின் அணைப்பிலும் இணைப்புநார்களின் பிடியிலுமே அது ஆயுள் முழுக்க அசையாமலும் அசைந்தும் வேலை செய்கிறது.

பாதத்துக்கு நீளவாக்கில் ஒரு வளைவு உண்டு. ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்தால் தடத்தின் உட்பக்கம் காய்ந்து கிடக்கும் இடம் அதுதான். குறுக்குவாக்கிலும் ஒரு வளைவு இருக்கிறது. அதன் பயன் வெகுகாலம் சரியாகப் பிடிபடவில்லை. மதுசூதன் வெங்கடேசன், ஸ்ரேயாஸ் மாந்த்ரே, மகேஷ் பாண்டி முதலியோர் 2020-இல் நேச்சர் ஆய்விதழில் விடை சொன்னார்கள். ரூபாய்த் தாளை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை துவண்டு தொங்கும். அதே தாளைக் குறுக்காகச் சற்று வளைத்துப் பிடித்தால் விறைத்து நீளும். பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் குறுக்கு வளைவு தருவதுதான்.

ஓட்டத்தின் செலவுக் கணக்கும் வியப்பானது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு அடியிலும் சுமார் 100 ஜூல் ஆற்றல் கைமாறுகிறது. அதில் 35 ஜூலைக் குதிகால் தசைநாண் வாங்கி வைத்துக்கொள்கிறது; 17 ஜூலைப் பாத வளைவு வாங்கிக்கொள்கிறது. கால் மேலே கிளம்பும்போது இரண்டும் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகின்றன. 1987-இல் அலெக்சாண்டர் என்ற விலங்கியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் போட்ட கணக்கு இது. ஏறக்குறைய பாதி வழிச் செலவைக் குதிகால் நாணும் பாத வளைவும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன என்று இதைச் சொல்லலாம்.

உள்ளங்கால் தோலுக்கு வருவோம். அதில் முடி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது; வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. அழுத்தம், அதிர்வு, தோல் இழுபடுவது என்று ஒவ்வொன்றையும் உணர்வதற்குத் தனித்தனி உணர்விகள் அதற்குள் புதைந்திருக்கின்றன. வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தோல் காய்த்துத் தடிக்கும். தடித்தால் உணர்ச்சி மரத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்போம். நிக்கலஸ் ஹோலோவ்கா, டேனியல் லீபர்மேன் முதலியோர் கென்யாவில் சோதித்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த முடிவின்படி, தடித்த தோல் கல்லையும் முள்ளையும் தாங்குகிறது. தரையைப் பற்றிய செய்தியையும் குறையாமல் உள்ளே அனுப்புகிறது. காவலும் தகவலும் ஒரே தோலில். எந்த ரப்பர் அட்டையாலும் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்ததில்லை.

தான்சானியாவின் லேட்டோலியில், எரிமலைச் சாம்பல் மீது யாரோ நடந்துபோன தடங்களை மேரி லீக்கியின் குழுவினர் 1978-இல் கண்டெடுத்தார்கள். வயது சுமார் 36 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகள். பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னோக்கி நிற்கிறது; மரத்தைப் பற்றும் குரங்கின் விரல்போல விலகி நிற்கவில்லை. குதிகால் அழுந்திய குழியும் தெளிவாக இருக்கிறது. குதிகால் உயர்ந்து, அடியில் தடித்த மெத்தை வைத்த ஓட்டக் காலணி பரவலானதோ 1970-களில். படைத்தவன் பாதத்துக்கு எடுத்துக்கொண்ட காலத்தையும் நாம் அதை மெத்தையில் வைத்த காலத்தையும் எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இவ்வளவு நிதானமாக உருவான ஒன்றைச் சில நாட்களில் பழக்கிவிடலாம் என்று நினைப்பது தகாது என்று எனக்குப் படுகிறது.

இப்போது மெத்தையில்லாத மெல்லிய ஓட்டக் காலணிகள் கடைகளில் கிடைக்கின்றன. கையில் எடுத்தால் இறகுக் கனம். குதியிலிருந்து நுனிவரை சுருட்டி உள்ளங்கையில் அடக்கிவிடலாம். வழக்கமான ஓட்டக் காலணியில் குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். இதில் அந்த உயரம் இல்லை, அல்லது மிகக் குறைவு. விரல்கள் விரிந்துகொள்ள முன்பக்கம் அகலமாக இருக்கும். வளைவைத் தாங்க உள்ளே எந்த முட்டும் வைத்திருக்க மாட்டார்கள். கண்ணாடித் துண்டிலிருந்தும் சூடான தாரிலிருந்தும் தோலைக் காக்கும் அளவுக்கு ஓர் அடி. மற்ற வேலை எல்லாம் பாதத்துக்கு. பாராட்டு பாதத்துக்கே உரியது, காலணிக்கு அல்ல. இவ்வகைக் காலணிகளை உடல்நலப் பலன்களைச் சொல்லி விற்ற விப்ரம் நிறுவனம் மீது அமெரிக்காவில் வழக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2014-இல் அது 37.5 லட்சம் டாலர் தர இசைந்தது.

பழகிய பாதத்துக்கு இந்த மெல்லிய அடிகூடத் தேவைப்படுவதில்லை. 1960 செப்டம்பர் 10-ஆம் தேதி, ரோம் நகரத்துத் தெருக்களில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் ஒலிம்பிக் தங்கம். அதற்குமுன் அவ்வளவு வேகத்தில் யாரும் அந்தத் தூரத்தைக் கடந்ததில்லை. அது ஒருநாள் துணிச்சல் அல்ல. வெறுங்காலோடு ஓடி ஓடிப் பழகிய கால் அது.

மெத்தை போனதும் ஓடும் விதமே மாறுகிறது. குதிகாலை முதலில் ஊன்றினால், 50 மில்லிநொடிக்குள் உடல் எடையைப்போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு அடி காலில் ஏறும் என்று லீபர்மேன் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுவதால் அந்தத் திடீர் அடி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இதுவே எல்லோருக்குமான விதி என்று சொல்வதற்கில்லை. வட கென்யாவின் தாசனாச் மக்கள் வெறுங்காலிலேயே வளர்ந்தவர்கள். நிதானமாக ஓடும்போது அவர்களில் பெரும்பாலோர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள் என்று 2013-இல் வந்த ஆய்வு சொல்கிறது. முன்பாதம் ஊன்றினால் சுமை காணாமல் போய்விடாது என்பதையும் மறக்கக் கூடாது. முழங்காலிலிருந்து இறங்கிக் கெண்டைக்கால் தசைக்கும், குதிகால் தசைநாணுக்கும், விரல்களுக்குப் பின்னால் உள்ள ஐந்து நீள எலும்புகளுக்கும் அது போய்ச் சேர்கிறது. வருடக்கணக்கில் மெத்தையில் ஓய்வெடுத்தவை இவை.

இங்கேதான் ஆசை பாதத்தை முந்திவிடுகிறது. ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுப்பதில்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா ரிட்ஜ் முதலியோர் ஓடிப் பழக்கப்பட்ட 36 பேரை 10 வாரம் கவனித்தார்கள். 19 பேர் மெல்லிய காலணிக்குப் படிப்படியாகவே மாறினார்கள். இருந்தும் அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. இரண்டு பேருக்கு எலும்பில் விரிசலே விழுந்தது. பத்து வாரம் என்பது நம் கணக்கில் நீண்ட காலம். எலும்பின் கணக்கில் போதாது.

ஏன் போதாது? புதிய சுமை வந்ததும் எலும்பு தன்னைத் திருத்திக் கட்டத் தொடங்குகிறது. முதலில் பழையதை அரிக்கும் செல்கள் வந்து இரண்டு மூன்று வாரம் தோண்டுகின்றன. அதன்பின் கட்டும் செல்கள் வந்து அந்தக் குழியை நிரப்ப மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆக, வலுவடையும் வழியில் எலும்பு முதலில் கொஞ்சம் வலுவிழக்கிறது. உற்சாகம் உச்சத்தில் இருக்கும் முதல் மாதம்தான் எலும்பு மிகவும் மெலிந்திருக்கும் மாதமும். நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த பிரஷ்யப் படைவீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதை பிரைட்ஹவுப்ட் என்ற ராணுவ மருத்துவர் 1855-இலேயே பதிவு செய்தார். விரலெலும்புக்குப் பின்னால் விழும் நுண்ணிய விரிசல்தான் அதற்குக் காரணம் என்பது எக்ஸ்ரே வந்த பிறகு தெரிந்தது.

குதிகால் தசைநாணோ இன்னும் பொறுமைக்காரன். கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் கூடியது. அது உணவு வழியாக மனித உடலுக்குள்ளும் புகுந்தது. எந்தத் திசு எந்த ஆண்டில் உருவானது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். கட்யா ஹைனமெயர் முதலிய டென்மார்க் ஆய்வாளர்கள் இப்படி அளந்து 2013-இல் வெளியிட்ட முடிவு வியக்கவைத்தது. தசைநாணின் உள்மையப் பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதன்பின் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை. நாம் அறுபது வயதில் நடப்பதும் பள்ளிப் பருவத்தில் நெய்த நாணை வைத்துத்தான். அது பழக்கத்துக்கு ஏற்ப இறுகும், ஆனால் மாதக்கணக்கில். தசை சில வாரங்களில் தேறிவிடுவதால், கால் தயாராகிவிட்டது என்று நமக்குத் தோன்றும். தசை தயார்; நாணும் எலும்பும் இன்னும் வழியில்தான் இருக்கும்.

ஆகவே முதல் சில வாரம் ஓட்டத்தைத் தொடவே வேண்டாம். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடமாடுங்கள். வெளியே மெல்லிய காலணியோடு நடங்கள். தினமும் மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மலைக்குப் போகும் நாளில் செருப்பைக் கழற்றுவதில்லை. மாலை போட்ட நாளிலேயே கழற்றிவிடுகிறார்கள். 41 நாள் விரதம் முடிவதற்குள் உள்ளங்கால் தரைக்குப் பழகிவிடுகிறது. பக்திக்காக வைத்த வழக்கம் பாதத்துக்கும் அவகாசம் கொடுக்கிறது. அதுவும் நடைக்கு மட்டுமே போதுமான அவகாசம். ஓட்டம் இன்னும் அதிகம் கேட்கும்.

பிறகு, வழக்கமாக ஓடும் தூரத்தில் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் மெல்லிய காலணிக்குக் கொடுங்கள். மீதி தூரத்தைப் பழைய காலணியிலேயே ஓடலாம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எட்டிக் கால் வீசாமல் குட்டைக் குட்டையாக, சத்தமில்லாமல் அடி வையுங்கள். முன்பாதம் பட்ட பிறகு குதிகாலும் தரையைத் தொட்டு இளைப்பாறட்டும். நுனிக்காலிலேயே ஓடினால் நாண் தாங்காது. கெண்டைக்கால் இரண்டு நாள் கடுப்பது இயல்பு, அது அடங்கிய பிறகே நிமிடத்தைக் கூட்டுங்கள். பாதத்தின் மேற்புறம் ஓர் இடத்தில் விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினாலும் நிறுத்த வேண்டும். முழுவதும் மாற ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். இதை நான் தாமதம் என்று சொல்ல மாட்டேன்.

காத்திருந்தால் பாதம் கைம்மாறு செய்கிறது. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டம்கூட இல்லாமல், அன்றாட வேலைகளுக்கு மெல்லிய காலணி போட்டவர்களின் பாத வலிமை ஆறு மாதத்தில் சராசரியாக 57.4 சதவீதம் கூடியிருந்தது. தனிப் பயிற்சி எதுவும் அவர்கள் செய்யவில்லை.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த வழிக்கு வரவே கூடாது. தரை சொல்லும் செய்தி அவர்களுக்கு வந்து சேராது. புண்பட்டதே தெரியாமல் போய்விடும். அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் மெத்தைக் காலணிதான் காவல்.

குழந்தைகளுக்கோ எந்த மாற்றமும் தேவையில்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் எதையும் இழக்கவில்லை. கர்நாடகத்தைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்து 1992-இல் எழுதினார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு மட்டும். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அது அதிகம் இருந்தது. வளைவு உருவாவதில் ஆறு வயதுக்கு முந்தைய பருவம் முக்கியமானது என்பதும் அவர்கள் கருத்து. பள்ளிக்கும் வெளித்தெருவுக்கும் காலணி வேண்டும்தான். வீடு வந்ததும் கழற்றிவிட்டு, முற்றத்திலும் மணலிலும் அவர்களை வெறுங்காலோடு ஓட விடுங்கள்.