விதைப் பயறும் வசம்புத்தூளும்

எண்ணூருக்கு வடக்கே, மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நெல் அறுவடையானபின் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் குடியானவர்கள், மறு போகத்துக்கென எடுத்துவைத்த விதையைச் சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்க்குங்கால், அது துளைபட்டு மாவாய் உதிரக் காண்பதுண்டு. இந்நஷ்டத்துக்குக் காரணம் பயறு வண்டு. பானையிலோ சாக்கிலோதான் இது உற்பத்தியாகிறதென்று பலர் கருதுவது சரியன்று. காய் முற்றும் தருணத்தில் வயலிலேயே காயின்மேல் முட்டை இடப்பட்டுவிடுகிறது. புழு பயறுக்குள் புகுந்து தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாகத் துளையிட்டு வண்டாய் வெளிவருகிறது. அவ்வண்டு பயறைத் தின்பதில்லை. சேமித்த பயறின்மேல் மீண்டும் முட்டையிடுவதே அதன் வேலை. பயறின்மேல் ஒட்டியிருக்கும் வெண்புள்ளிகள் அம்முட்டைகளே.

ஆதலால் முதற்காரியம் உலர்த்துதல். திருவொற்றியூர் முதல் பழவேற்காடு வரையுள்ள கரையோரத்தில், பகலிற் காய்ந்த பயறும் இரவிற் கடற்காற்றின் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். எனவே களத்திலேயே இரவைக் கழிக்க விடாது, ஈரம் 100-க்கு 9 பங்குக்கு மேற்படாதவாறு வெயிலில் உலர்த்தி, சூடு ஆறியவுடன் அன்றே கட்டிவைத்தல் வேண்டும்.

கட்டுமுன் சேர்க்கவேண்டியது வசம்புத்தூள். பிள்ளை வளர்ப்பான் என நம் தாய்மார் வழங்கும் அதே கிழங்குதான். நன்கு உலர்ந்த கிழங்கை இடித்து மெல்லிய துணியிற் சலித்து, விதை 1 கிலோவுக்கு 10 கிராம், அதாவது 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் ஒவ்வொரு மணியிலும் படியுமாறு கலக்கவேண்டும். அதன் வாசனையாவி பூச்சிகளை மலடாக்கும் தன்மையுடையது. ஆயினும் முன்னரே பயறுக்குள் புகுந்துவிட்ட புழுவை இத்தூள் எட்டிக் கொல்லும் என்று எதிர்பார்த்தல் தகாது. துளைபட்ட விதையிற் கலந்துவிட்டு, "தூள் பலிக்கவில்லை" என்பார் பேச்சை நான் ஒப்புவதில்லை.

வசம்பு கிடையாவிடில், வேப்பங்கொட்டைப் பருப்பை நிழலில் உலர்த்திப் பொடித்து 100 கிலோ விதைக்கு 3 கிலோ கலக்கலாம். வெயில் வேம்பின் சத்தைக் கெடுக்கும்.

இனி, கிராம அதிகாரிகள் ஊராருக்கு அவசியம் எடுத்துரைக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வசம்புத்தூள் விதைக்கே உரியது. உண்ணும் தானியத்திற் கலக்கலாகாது. வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் விளைவித்தமையால், அமெரிக்க அரசாங்கம் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடைசெய்தது. ஆகவே விதை மூட்டைக்கு வேறு நிறக் கயிறு கட்டி, தனியிடத்தில் வைக்கவும். மீந்த விதையைக் கழுவிச் சமையலுக்கு எடுப்பதும் கூடாது.

அவ்வாறே, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வாங்கி, வீட்டில் படுக்கும் அறையில் மூட்டைகளுக்கிடையே வைப்பது உயிருக்கே அபாயமாகும். ஈரக்காற்றுப் பட்டதும் அதிலிருந்து எழும் விஷவாயு பூச்சியென்றும் மனிதரென்றும் பாராது. பயிற்சி பெற்றவரே, ஆள் வசியாத கிடங்கில், அதனைக் கையாளவேண்டும்.

உண்பதற்கு வைக்கும் உளுந்தை முழுப்பயறாக வைக்காமல், உடைத்துப் பருப்பாக்கி வைப்பது நலம். பயறு வண்டு பெரும்பாலும் முழுப்பயறையே நாடும்.