கர்ட்டனா, பிளைண்ட்ஸா? கடைக்குப் போகும் முன் ஜன்னல் எந்தத் திசை என்று பாருங்கள்

மார்ச் மூன்றாவது வாரத்தில், மைசூருவில் மாலை 4.30 மணிக்கு சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 29 டிகிரி உயரத்தில் இருக்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு மேலே 2 அடி சன்ஷேட் இருந்தாலும், அந்த நேரத்தில் அதன் நிழல் ஜன்னலில் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இறங்கும். ஜன்னலின் உயரம் 4 அடி என்றால், மீதி 3 அடிக் கண்ணாடியில் வெயில் நேராக அடிக்கும்.

வேலைக்காக மைசூரு, பெங்களூரு, சென்னை என்று வீடு மாறும் பலரும் சாவி வாங்கிய முதல் வாரத்திலேயே ஜன்னலுக்கு ஏதாவது வாங்கிவிடுகிறார்கள். கடையில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கலர் பார்க்கிறீங்க?" என்பதாக இருக்கும். "ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அறை வேகுமா, ஏசி எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

ஒரு ஜன்னல் வழியாக எவ்வளவு சூடு வரும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள ஜன்னலின் பரப்பு 20 சதுர அடி, அதாவது 1.86 சதுர மீட்டர். மாலை வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் என்றும், சாதாரணக் கண்ணாடி அதில் 80% வெப்பத்தை உள்ளே விடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முழு ஜன்னலிலும் வெயில் பட்டால் சுமார் 740 வாட் வெப்பம் அறைக்குள் வரும். சட்டமும் கிரில்லும் மறைக்கும் பரப்பைக் கழித்தால் இது சற்றுக் குறையும். ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு ஜன்னலைச் சமாளிக்கவே போய்விடுகிறது.

கண்ணாடி சூரிய ஒளியை எளிதாக உள்ளே விடும். அந்த ஒளி தரையிலும் கட்டிலிலும் திரையிலும் பட்டு வெப்பமாக மாறும். அப்படி மாறிய வெப்பம் அதே கண்ணாடி வழியாக அவ்வளவு சுலபமாக வெளியே போகாது. வெயிலில் நிறுத்திய கார் கொதிப்பதும் இதனால்தான். எனவே கண்ணாடிக்கு உள்பக்கம் நீங்கள் எதை மாட்டினாலும், வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்த பிறகுதான் அது தடுக்கிறது. அதில் பட்ட ஒளியில் எவ்வளவைத் திருப்பி வெளியே அனுப்புகிறதோ, அவ்வளவுதான் உங்களுக்கு லாபம்.

சரி, எது அதிகம் தடுக்கும்?

அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்டுள்ள எண்கள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வெப்பம் உள்ளே வருவதை ஒவ்வொன்றும் குறைக்கும் அளவு இது:

• உள்ளே, வெள்ளை பிளாஸ்டிக் பின்புறம் கொண்ட நடுத்தர நிறக் கர்ட்டன்: 33%
• உள்ளே, முழுவதும் இறக்கி மூடிய, ஒளியை நன்றாகப் பிரதிபலிக்கும் பிளைண்ட்ஸ்: சுமார் 45%
• வெளியே, மேற்கு ஜன்னலுக்கு மேல் சாய்வாக நீளும் துணி மறைப்பு: 77% வரை

நம் ஊர் வெயிலும் கண்ணாடியும் வேறு என்பதால் இந்தச் சதவீதங்கள் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் வரிசை மாறாது. நம் 740 வாட் ஜன்னலில் இதைப் போட்டுப் பார்த்தால் கர்ட்டனுடன் சுமார் 500, பிளைண்ட்ஸுடன் சுமார் 410, வெளி மறைப்புடன் சுமார் 170 வாட். கர்ட்டனுக்கும் பிளைண்ட்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, உள்ளே மாட்டுவதற்கும் வெளியே மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

இந்திய விதியும் இதைத்தான் கணக்கில் எடுக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ, குடியிருப்புக் கட்டடங்களுக்காக 2018-இல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பத்துக்கு அது ஒரு வரம்பு வைக்கிறது: குளிர் பிரதேசம் தவிர மற்ற இடங்களில் சதுர மீட்டருக்கு 15 வாட். அந்தக் கணக்கில் கண்ணாடியின் தன்மையும், வெளியே நிரந்தரமாக நீட்டியிருக்கும் சன்ஷேட் போன்ற அமைப்புகளும் சேரும். உள்ளே தொங்கும் திரைக்கு அதில் மதிப்பெண் கிடையாது.

பழைய வீடுகளின் திண்ணையில் மூங்கில் தட்டியும், கோடையில் தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் ஜன்னலுக்கு வெளியே தொங்கின. வெயில் சுவரைத் தொடும் முன்பே அதை நிறுத்தும் ஏற்பாடு அது. இன்றைக்கும் பால்கனி இருக்கும் வீட்டில் ஒரு மூங்கில் தட்டியோ, நிழல் வலையோ கட்டினால் மேற்கு அறைக்கு அதுதான் முதல் மருந்து. அடுக்குமாடி என்றால் அசோசியேஷனிடம் கேட்டுக்கொண்டு, காற்றில் பிய்த்துக்கொண்டு போகாத மாதிரி இறுக்கமாகக் கட்டுங்கள்.

எந்தத் திசைக்கு எது?

மேற்கு, கிழக்கு: வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு பெரிதாக உதவாது. வெளி மறைப்பு முடியாவிட்டால், கண்ணாடியை ஒட்டி இறங்கும் வெளிர் நிற ரோலர் பிளைண்ட்ஸ், அல்லது பின்பக்கம் வெள்ளையாக உள்ள கனமான கர்ட்டன். உள்பக்கம் எந்த நிறமும் இருக்கலாம். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். அடர் நீல 'பிளாக்அவுட்' துணி வெளிச்சத்தை அடைக்கும். ஆனால் வெப்பத்தை உறிஞ்சி அறைக்குள்ளேயே விடும்.

தெற்கு: டிசம்பர் நண்பகலில் மைசூருவில் சூரியன் தென்பக்கம் சுமார் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது 2 அடி சன்ஷேடின் நிழல் ஏறக்குறைய 2 முக்கால் அடி வரை இறங்கும். மற்ற மாதங்களில் நண்பகல் வெயில் இதைவிட உயரத்தில்தான் இருக்கும் என்பதால் நிழல் இன்னும் கீழே வரும். இங்கே சாதாரணப் பருத்தித் திரையே போதும்.

வடக்கு: 'வடக்கு ஜன்னலில் வெயிலே வராது' என்று நினைப்பவர்கள் உண்டு. நம் பகுதியில் அது பாதி உண்மை. மைசூரு 12.3 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏறக்குறைய ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 20 வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. சென்னையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனாலும் நண்பகலில் சூரியன் மிக உயரத்தில் இருப்பதால் சன்ஷேடு பார்த்துக்கொள்ளும். காலையிலும் மாலையிலும் மட்டும் சாய்வாகக் கொஞ்சம் வெயில் வரும். மெல்லிய திரை போதும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூருவில், ஏப்ரலில்கூட இரவு வெப்பநிலை பொதுவாக 20, 22 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். பகலில் ஜன்னலை அடைத்து, சூரியன் இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்து விட்டால் வீடு தானாகக் குளிரும். எனவே இங்கே ஒரே இழுப்பில் முழுவதும் திறக்கக்கூடிய எதுவும் சரி.

சென்னையில் மே மாத இரவிலும் சராசரியாக 27, 28 டிகிரி, கூடவே புழுக்கம். அங்கே நம்பிக்கை கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றுதான். கிழக்கு ஜன்னலில் ரோலர் பிளைண்ட்ஸை இறக்கிவிட்டால் காற்று நின்றுவிடும், அல்லது பிளைண்ட்ஸ் சட்டத்தில் 'டப் டப்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஜன்னலுக்கு மெல்லிய கர்ட்டனோ, பட்டிகளைச் சாய்த்து வைக்கக்கூடிய வெனிஷியன் பிளைண்ட்ஸோ மேல். கதவு உள்பக்கம் திறக்கும் ஜன்னல் என்றால் பிளைண்ட்ஸ் இடிக்கும். கொசுவலையைத் திறந்து மூட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாடகை வீடு என்றால்?

11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்குக் கர்ட்டன்தான் பெரும்பாலும் லாபம். ரெடிமேட் கர்ட்டன் 5, 7, 9 அடி என்று பொதுவான உயரங்களில் கிடைப்பதால் அடுத்த வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். பிளைண்ட்ஸ் உங்கள் ஜன்னலின் அளவுக்கே வெட்டித் தைக்கப்படுவது. அடுத்த வீட்டு ஜன்னல் 3 அங்குலம் கூடினாலும் அது பயன்படாது. இரண்டுக்குமே சுவரில் துளை போட வேண்டும் என்பதால் ஓனரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது ஒரு விஷயம்: கர்ட்டன் மடிப்பாக விழ ஜன்னல் அகலத்தைப் போல சுமார் இரண்டு மடங்கு துணி வேண்டும். 5 அடி ஜன்னலுக்கு 10 அடி. பிளைண்ட்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு. துணி, தையல், ராடு, மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். சமையலறைக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம்: அடுப்புக்குப் பக்கத்தில் துணி ஆபத்து, எண்ணெய்ப் பிசுக்கும் போகாது. துடைக்கக்கூடிய அலுமினியப் பிளைண்ட்ஸ் போதும்.

அலுவலகம், வீட்டிலிருந்து வேலை

இங்கே வெப்பத்தோடு கண்கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. மானிட்டரை ஜன்னலுக்கு நேர் எதிரேயோ முதுகு காட்டியோ வைக்காமல், பக்கவாட்டில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். திறக்க முடியாத கண்ணாடிச் சுவர் உள்ள அலுவலகத்தில் காற்றுக் கவலை இல்லை என்பதால் ரோலர் பிளைண்ட்ஸ் பொருத்தம். அந்தத் துணியில் 1%, 3%, 5% என்று எண் இருக்கும். நெசவில் எவ்வளவு இடைவெளி என்பதை அது காட்டுகிறது. எண் குறைந்தால் கூச்சம் குறையும், வெளிக் காட்சியும் குறையும். ஒன்றை மறக்க வேண்டாம்: பகலில் வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது, இரவில் விளக்குப் போட்டால் நிலைமை தலைகீழ். படுக்கையறைக்கு இந்தத் துணி மட்டும் போதாது.

வீடியோ காலில் குரல் எதிரொலிக்கிறது என்றால் கனமான கர்ட்டன் உதவும். தெருவின் ஹாரன் சத்தத்தை நிறுத்த அதை நம்பி வாங்காதீர்கள். ஜன்னல் இடுக்குகளை அடைப்பதுதான் அதற்கு வழி.

வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் இதைப் படியுங்கள்

பிளைண்ட்ஸை ஏற்றி இறக்கும் கயிறு, குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடியது. அமெரிக்காவில் ஜன்னல் மறைப்புகளின் கயிறு இறுக்கி ஆண்டுக்குச் சராசரியாக 5 வயதுக்குட்பட்ட 9 குழந்தைகள் இறக்கிறார்கள் என்கிறது அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் நடந்துவிடும் விபத்து இது. கடைகளில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸில் கயிறே இருக்கக் கூடாது, அல்லது கைக்கு எட்டக் கூடாது என்ற தரநிலை 2018 டிசம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

இங்கே கடையில் நீங்கள்தான் கேட்க வேண்டும்: "கயிறு இல்லாத மாடல் இருக்கா?" ஏற்கெனவே கயிறு உள்ளதை மாட்டியிருந்தால், தரையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் சுவரில் ஒரு கொக்கி அடித்து அதில் சுற்றிவையுங்கள். வளையமாகத் தொங்கும் சங்கிலியை இழுத்துச் சுவரோடு பொருத்துங்கள். தொட்டிலும் கட்டிலும் நாற்காலியும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வாங்கும் முன் இரண்டு நாள்

ஒரு சனி, ஞாயிறு போதும். ஒவ்வொரு ஜன்னலிலும் காலை 9 மணி, பகல் 12.30, மாலை 4.30 ஆகிய நேரங்களில் வெயில் எதுவரை வருகிறது என்று மொபைலில் படம் எடுங்கள். எந்த ஜன்னலில் காற்று வருகிறது, அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தையும் உயரத்தையும் தலா மூன்று இடத்தில் அளங்கள். சட்டத்துக்குள் மாட்டுவதானால் மிகச் சிறிய அளவையே கொடுங்கள். எல்லா அறைக்கும் ஒரே மாதிரி வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெயில் அடிக்கும் ஒன்றிரண்டு ஜன்னலுக்குப் பணத்தைப் போடுங்கள். மற்றவற்றுக்கு ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பழைய பருத்திச் சேலையே திரையாகும்.