துப்பாக்கிக்கு எந்த மணல்?

ஒரே எஃகில் கடைந்தெடுத்த இரண்டு துப்பாக்கிக் குழல்கள். ஒன்றின் மேல் நுண்ணிய கண்ணாடி மணிகளும், மற்றொன்றின் மேல் அலுமினியம் ஆக்சைடு துகள்களும் காற்றழுத்தத்தில் பீய்ச்சப்படுகின்றன. பிறகு இரண்டும் ஒரே தொட்டியில், காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கொதிக்கும் கரைசலில் இறங்குகின்றன. ‘ப்ளூயிங்’ எனப்படும் கருநீலப் பூச்சு ஏறி வெளியே வரும்போது, முதல் குழலில் மெல்லிய மினுமினுப்பு இருக்கிறது. இரண்டாவது, வெளிச்சமே படாததுபோல் மங்கிக் கறுத்திருக்கிறது. எஃகும் ஒன்று, ரசாயனமும் ஒன்று. மேலே வந்து மோதிய துகள் மட்டுமே வேறு.

துப்பாக்கிகளைப் புதுப்பிக்கும் பட்டறைகள் அமெரிக்காவில் ஏராளம். பழைய பூச்சையும் துருவையும் நீக்க அங்கே பெரும்பாலும் கைகொடுப்பது, இப்படித் துகளைப் பீய்ச்சும் சாண்ட் பிளாஸ்டிங். இந்த முறைக்கு 1870 அக்டோபரில் காப்புரிமை பெற்றவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்மன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படையில் இருந்தவர். நீராவியின் வேகத்தாலோ காற்றின் வேகத்தாலோ மணலை வீசினால் கல்லையும் கண்ணாடியையும் செதுக்க முடியும் என்று காட்டினார். பெயரில் இன்றும் மணல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல பட்டறைகளிலோ சாதாரண மணலுக்கு இடமே இல்லை.

துகளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: கடினம், வடிவம், அளவு. கடினத்தைச் சொல்ல மோஸ் அளவுகோல் உதவுகிறது. அதில் வைரம் 10, அலுமினியம் ஆக்சைடு 9, கார்னெட் ஏறத்தாழ 7, கண்ணாடி 6-க்குச் சற்றுக் குறைவு, ஆப்ப சோடா வெறும் 2.5. ஆனால் கடினத்தைப் போலவே வடிவமும் முக்கியம். அலுமினியம் ஆக்சைடு கூரிய விளிம்புகள் கொண்டது. எஃகின் மேல் பாய்ந்து கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களைக் கீறி விடுகிறது. கண்ணாடி மணி உருண்டையானது. அது வெட்டுவதில்லை, பித்தளைக் குடத்தைத் தட்டும் கன்னாரின் சுத்தியலைப்போலக் குழிகளைப் பதித்து மேற்பரப்பை இறுக்குகிறது.

அதனால்தான், அனுபவமுள்ளவர்கள் கடைசியில் என்ன பூச்சு வரப்போகிறது என்று முடிவு செய்த பிறகே துகளைத் தொடுகிறார்கள். ப்ளூயிங் என்றால், அடர் மங்கலுக்கு அலுமினியம் ஆக்சைடு, மென்மையான மினுக்கத்துக்குக் கண்ணாடி மணி. பளபளக்கும் கருநீலம் வேண்டுமென்றால் பிளாஸ்டிங்கே கூடாது. பொறுமையாக மெருகுத்தாளும் பாலிஷ் சக்கரமும்தான் வழி.

பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சு வேறு கதை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் சுமந்த எம்1 காரண்ட் துப்பாக்கிகளின் சாம்பல் நிறம் இதனால் வந்தது. மாங்கனீஸ் அல்லது துத்தநாக பாஸ்பேட் கரைசல் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது எஃகை அதில் மூழ்கவைத்தால், மேற்பரப்பில் நுண்படிகங்கள் வளர்ந்து எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தப் படிகங்கள் சீராக வளர சுத்தமான, சொரசொரப்பான எஃகு வேண்டும். இங்கே கூரிய துகளே உதவும்.

இப்போது பரவலாகிவிட்ட செராகோட் போன்ற பீங்கான்–பாலிமர் பூச்சுகள் இன்னும் கறாரானவை. பூச்சின் கனமே ஏறத்தாழ 25 மைக்ரான்தான். அது எஃகைப் பற்றிக்கொள்ள நுண்ணிய கீறல்கள் தேவை என்பதால், 100 முதல் 120 வரையிலான கிரிட் அளவில் அலுமினியம் ஆக்சைடையோ கார்னெட்டையோதான் பயன்படுத்தச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். அதாவது, துகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. கண்ணாடி மணியின் வழவழப்பான குழிகளில் பூச்சுக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை. பிறகு உரிந்து வரலாம்.

ஒரு துகளை எல்லா உலோகத்துக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதும் ஆபத்து. பிளாஸ்டிங் நடக்கும் மூடிய பெட்டியான கேபினெட்டில், சாதாரண எஃகைச் சுத்தம் செய்த அதே துகளால் துருப்பிடிக்காத எஃகை பிளாஸ்ட் செய்தால், துகளில் கலந்திருக்கும் இரும்புத் துணுக்குகள் மேற்பரப்பில் பதிந்துகொள்ளும். சில நாளில், துருவே பிடிக்காத பாகத்தில் செம்புள்ளிகள் தெரியும்.

ஆற்றுமணலை ஏன் ஒதுக்கினார்கள்? மோதி உடையும் ஒவ்வொரு மணல்துகளும் சிலிகா தூசியாகிறது. மூச்சோடு உள்ளே போன நுண்தூசி நுரையீரலில் வடுக்களை உண்டாக்கி சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வார்ப்புகளை மணலால் பிளாஸ்ட் செய்வதற்கு பிரிட்டன் 1949-ஆம் ஆண்டின் விதிகளால் தடை போட்டது. ஆனாலும் துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழைய சாயல் தர இளைஞர்கள் மணலைப் பீய்ச்சினார்கள். அவர்களில் பலருக்கு சிலிகோசிஸ் வந்த பிறகுதான், 2009-இல் அங்கே அதற்குத் தடை வந்தது. வீட்டுக் கொல்லையில் மலிவாகக் கிடைக்கும் மணலை வைத்துக்கொண்டு துப்பாக்கி புதுப்பிக்க நினைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய வரலாறு இது.

மணலின் இடத்தைப் பிடித்தவற்றில் ஒன்று கார்னெட். இந்தச் செந்நிறத் தாது தமிழகத்துக்குப் பழக்கமானது: தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கடற்கரைகளின் தாது மணலில் இருந்து பிரித்து ஏற்றுமதி செய்யப்பட்டு வந்தது. 2013-இல் தமிழக அரசு தாது மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது.

மென்மையான துகள்களுக்கும் வேலை உண்டு. சுதந்திரதேவி சிலையை 1980-களில் புதுப்பித்தபோது, உள்பக்கத் தாமிரத் தகட்டில் பூசப்பட்டிருந்த தாரை அகற்ற ஆப்ப சோடாவைத்தான் பீய்ச்சினார்கள். தாமிரம் கீறுபடாமல் தப்பியது. துப்பாக்கியிலும்கூட, அலுமினியப் பாகங்களிலும் மெல்லிய தகடுகளிலும் சோடாவோ பொடித்த வால்நட் ஓடோ அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு உலோகத்தை விட்டுவைக்கும்.

எந்தத் துகளானாலும் குழலின் உட்புறத்தையும் திருகுமறைகளையும் முன்பே அடைத்துவிட வேண்டும். பொறித்த எண்களின் மேல் துகள் படாமல் காப்பது இன்னும் முக்கியம். தொடர் எண்ணை அழிப்பது அமெரிக்காவிலும் குற்றம், இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டப்படியும் குற்றம். நூறாண்டு பழைய துப்பாக்கி கைக்கு வந்தால், அனுபவசாலிகள் கேபினெட்டைத் திறப்பதே இல்லை. அதன் மங்கலான பழைய பூச்சுக்குத்தான் சேகரிப்பாளர்கள் விலை கொடுக்கிறார்கள். ஒரு முறை பிளாஸ்ட் செய்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.