விளக்கும் துலாக்கோலும்: இல்ல மின்நுகர்வோர் பாதுகாப்பு ஓர் அறிமுகம்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதனை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறையையும், கலங்களுக்கு வழிகாட்ட அங்கே இரவில் ஏற்றப்பட்ட விளக்கையும் பாடியுள்ளார். அத்துறை இன்றைய மாமல்லபுரமே என்பது அறிஞர் சிலரின் கருத்து. அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள், வாங்குங்கால் அளவைக் கூட்டாமலும் விற்குங்கால் குறைக்காமலும் நடந்துகொண்டமை போற்றப்படுகின்றது. கடற்கரை விளக்கைப் பாடிய நாவே வணிகரின் துலாக்கோலையும் பாடியுள்ளது.

அன்று விளக்கு வேறு, துலாக்கோல் வேறு. இன்றோ விளக்கின் ஒளியே அளந்து விற்கப்படும் பொருளாகிவிட்டது. அரிசியை நாம் கண்ணாற் கண்டு வாங்குகிறோம். மின்சாரத்தை அவ்வாறு காண இயலாது. வீட்டு வாயிலில் உள்ள மீட்டர் சொல்லும் எண்ணை நம்பியே பணம் செலுத்துகிறோம். காணவியலாத பொருளை வாங்குவோர்க்குச் சட்டத்தின் துணை கூடுதலாகத் தேவைப்படுகிறது. அத்துணை எத்தகையது என்பதைச் செங்கல்பட்டு மாவட்ட மக்களை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவரின் வேண்டுகோள்

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்தார். அவர் கையில் மின்கட்டண அட்டை இருந்தது. வழக்கமாக வரும் தொகையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக அம்முறை வந்திருந்தது. தந்தை மீன்பிடித் தொழிலாளி. தாயின் காதணியை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுவதென வீட்டில் முடிவு செய்திருந்தனர். "ஐயா, இதைப் பற்றிக் கேட்டு ஒரு மனு எழுதித் தருவீர்களா?" என்றார் அவர்.

கடிதம் எழுதும் முறையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் நான். ஆயினும் அம்மனுவை யாருக்கு எழுதுவது, எந்த விதியைச் சுட்டுவது, பதில் வராவிடின் அடுத்து எங்குச் செல்வது என்பன அன்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாணமே இச்சட்டங்களை நான் படிக்கக் காரணமாயிற்று.

அளவை நேர்மையும் அறமும்

அளவையில் நேர்மை வேண்டும் என்பது நம் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரம் சான்றோரின் நடுநிலைக்குத் துலாக்கோலையே உவமை காட்டுகிறது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமாகிய 'அல்முதஃப்ஃபிஃபீன்' அளவில் குறைவு செய்வோரின் பெயராலேயே அமைந்து அவர்களைக் கண்டிக்கிறது. மத்யன் நகர மக்களுக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் விடுத்த அழைப்பில், ஓரிறைக் கொள்கையை அடுத்து வலியுறுத்தப்படுவது அளவையிலும் நிறுவையிலும் நேர்மையே. எனவே தனக்குரிய அளவைக் கேட்டுப் பெறுதல் சண்டித்தனம் ஆகாது. அது அறத்தின்பாற்பட்ட செயலேயாகும்.

சட்டத்தின் வளர்ச்சி

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1962 மார்ச் 15ஆம் நாள் அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய செய்தியில், பாதுகாப்பு, தகவல், தேர்வு, கருத்துரைத்தல் என்னும் நான்கு உரிமைகளைக் குறிப்பிட்டார். அந்நாளே உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 1985இல் நுகர்வோர் பாதுகாப்பு நெறிமுறைகளை ஏற்றது. மறு ஆண்டே இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது.

அரசு அமைப்புகள் அளிக்கும் சேவைக்கும் இச்சட்டம் பொருந்துமா என்னும் ஐயம் தொடக்கத்தில் இருந்தது. லக்னோ வளர்ச்சிக் குழுமத்திற்கும் எம்.கே. குப்தா என்பாருக்கும் இடையிலான வழக்கில், பொருந்தும் என 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்சாரம் வழங்குதல் 'சேவை' என்பது சட்டத்தின் வரையறையிலேயே இடம்பெற்றுள்ளது.

மின்துறைக்கெனத் தனியே அமைந்தது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். தமிழ்நாட்டில் 1957இல் தொடங்கிய மின்சார வாரியம் 2010இல் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 2024இல் நிகழ்ந்த மறுசீரமைப்பின்பின் மின்விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பாயிற்று. பெயர்கள் மாறினும் மக்கள் நாவில் அது 'இ.பி.' என்றே வழங்குகிறது. கட்டணத்தை முடிவு செய்வது கழகம் அன்று. 1999இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே அதனை முடிவு செய்கிறது. கட்டண உயர்வுக்கு முன் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் என்பதும், யாவரும் அதில் கருத்துரைக்கலாம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

இல்ல நுகர்வோரின் உரிமைகள்

மின்சாரச் சட்டம் வழங்கும் உரிமைகளுள் இன்றியமையாதன சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, இணைப்புப் பெறும் உரிமை. முறையாக விண்ணப்பித்தவர்க்கு மின்சாரம் வழங்குதல் உரிமதாரரின் கடமை என்கிறது 43ஆம் பிரிவு. நடுவணரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வெளிவந்து 2024இல் திருத்தப்பட்டன. திருத்தத்தின்படி புதிய இணைப்புக்கு உரிய காலம் பெருநகரங்களில் 3 நாள், நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊர்ப்புறங்களில் 15 நாள் எனக் குறுகியது.

இரண்டாவது, சரியான அளவு பெறும் உரிமை. மீட்டரில் ஐயமெழின் சோதிக்கக் கோரலாம். மேற்கூறிய திருத்தம், முறையீடு வந்த 5 நாட்களுக்குள் மற்றொரு மீட்டரைப் பொருத்திக் குறைந்தது மூன்று மாத நுகர்வை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழிசெய்துள்ளது.

மூன்றாவது, முன்னறிவிப்புப் பெறும் உரிமை. கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைக்கூட, 15 முழு நாட்கள் எழுத்து மூலம் அறிவிப்புத் தராமல் துண்டிக்கலாகாது என்பது 56ஆம் பிரிவு. தொகையில் பிணக்கு இருப்பின், மறுப்பைத் தெரிவித்துக்கொண்டே கோரப்பட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தையோ, இவற்றுள் குறைவானதைச் செலுத்தினால், பிணக்குத் தீரும்வரை துண்டிப்பைத் தவிர்க்கலாம். அடகுக் கடைக்குச் செல்லுமுன் அறிய வேண்டிய விதி இதுவே.

நான்காவது, பழைய நிலுவையிலிருந்து பாதுகாப்பு. செலுத்த வேண்டிய நாளிலிருந்து இரண்டாண்டுகள் கடந்தபின், தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்படாத தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க இயலாது. எனினும் ரஹமத்துல்லா கான் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், துண்டிப்பு என்னும் வழி அடைபட்டாலும் பிற சட்ட வழிகளில் தொகையை வசூலிக்கத் தடையில்லை என்று விளக்கியது.

ஐந்தாவது, இழப்பீடு. சேவைத் தரம் குறைந்தால் நுகர்வோர்க்கு இழப்பீடு வழங்க 57ஆம் பிரிவு வகை செய்கிறது. வைப்புத்தொகைக்கு வட்டி உண்டு என்பது 47ஆம் பிரிவு.

கணக்கெடுக்கும் நாளும் கருதத்தக்கது. 2016 மே 23 முதல் தமிழக வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. நுகர்வு உயர உயர யூனிட் விலையும் படிப்படியாக உயரும். 2022ஆம் ஆண்டுக் கட்டண ஆணையின்படி, 500 யூனிட்டைக் கடந்தால் அதற்குக் கீழுள்ள ஒரு பகுதியின் விலையும் உயர்ந்துவிடும். ஆகவே கணக்கெடுப்பு சில நாள் தாமதமாகி, யூனிட்டுகள் அந்நாட்களுக்கேற்பப் பகுக்கப்படாவிடின், ஏழைக் குடும்பம் தான் ஏறாத படிக்கட்டுக்கும் விலை கொடுக்க நேரிடும். மீட்டர் எண்ணை நாமே குறித்து வைத்தல் நற்பழக்கமாகும்.

முறையிடும் படிகள்

குறை நேர்ந்தால் முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகையை வாங்க வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட 'மின்னகம்' சேவை மையத்தின் 94987 94987 என்னும் எண்ணிலும் பதிவு செய்யலாம். அங்குத் தீராவிடின், மின்பகிர்மான வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றத்தை அணுகலாம். அதன் ஆணையும் நிறைவளிக்காவிடின், சென்னையிலுள்ள மின்சாரக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவ்விரு படிகளையும் 42ஆம் பிரிவு வகுத்துள்ளது.

சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு நாடுவோர் செங்கல்பட்டில் இயங்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். குறை எழுந்த இரண்டாண்டுகளுக்குள் முறையீடு தரவேண்டும். செலுத்திய விலை 5 இலட்ச ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். 1915 என்னும் தேசிய உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1985இல் தோன்றிய சி.ஏ.ஜி. போன்ற தன்னார்வ அமைப்புகள் மின்நுகர்வோர்க்கு வழிகாட்டி வருகின்றன.

கடற்கரைக்கே உரிய சிக்கல்கள்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில், 1983 முதல் அணுவைப் பிளந்து மின்சாரம் ஆக்கும் நிலையம் உள்ளது. ஆயினும் அருகில் உள்ள ஊர்களும் புயலுக்குப்பின் இருளில் காத்திருக்க நேர்வதுண்டு. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. இயற்கைச் சீற்றக் காலங்களில் சேவைத் தர விதிகள் தளர்த்தப்படுதல் இயல்பே. ஆனால் அறுந்த கம்பியைத் தொடாதிருத்தலும், உடனே தகவல் தருதலும் நம் கடமைகளாகும்.

உப்புக்காற்று மற்றொரு சிக்கல். அது மின்கம்பி இணைப்புகளையும் சுவிட்சுகளையும் அரிக்கும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் நிறுத்தியபின்னும் மீட்டரின் சிறுவிளக்கு தொடர்ந்து துடித்தால், எங்கோ மின்கசிவு உண்டென ஐயுறலாம். மின்கசிவுத் தடுப்பான் பொருத்துதல் பணத்தை மட்டுமன்றி உயிரையும் காக்கும்.

மூன்றாவது, சிற்பக் கூடங்களும் விருந்தினர் அறைகளும். வீட்டு இணைப்பிலேயே கல் அறுக்கும் பொறியை இயக்குவதும், பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுவதும் இங்கு நிகழ்கின்றன. இணைப்புப் பெற்ற நோக்கத்திற்கு மாறாகப் பயன்படுத்துதல் 126ஆம் பிரிவின்கீழ் வரும்; உரிய கட்டணத்தின் இரு மடங்கு விதிக்கப்படலாம். இத்தகைய மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்ல இயலாது என 2013இல் அனீஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 127ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்வதே வழி. உரிமை கேட்பவர் கடமையிலும் தவறலாகாது என்பது இதனால் தெளிவாகிறது.

அடுப்பங்கரையில்

சமையல் எரிவாயுவுக்கும் இவ்வறிவு தேவை. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருத்தல் வேண்டும். வெற்று உருளையின் எடை அதன் மேற்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டி, கொண்டுவருபவரிடமே நிறுத்துக் காட்டச் சொல்லலாம். முத்திரை சிதையாதிருத்தலையும், அடுத்த சோதனைக் காலத்தையும் பார்க்க வேண்டும். ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளையும், அருகிலுள்ள எண் ஆண்டையும் குறிக்கும். இரசீதில் உள்ள தொகைக்கு மேல் தரவேண்டியதில்லை. இணைப்புடன் அடுப்பையும் வாங்கியாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. கசிவு நேர்ந்தால் 1906 என்னும் எண்ணை அழைக்கலாம்.

முடிவுரை

அம்மாணவரின் மனு என்னவாயிற்று? விதிகளைத் தேடிப் படித்து இருவரும் சேர்ந்து எழுதினோம். மீட்டர் சோதிக்கப்பட்டது, அதில் பிழையில்லை. ஆனால் வீட்டினுள் பார்த்தபோது, குளியலறைச் சுவருக்குள் உப்பரித்த கம்பியொன்றிலிருந்து மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. தொகையைச் செலுத்தத்தான் வேண்டியிருந்தது. எனினும் கம்பி மாற்றப்பட்டது. அடுத்த கட்டணம் பழைய அளவுக்கு இறங்கியது. அந்த ஈரச் சுவரைத் தொட்டுத்தான் அவருடைய சிறு தங்கைகள் நாள்தோறும் குளித்து வந்திருக்கின்றனர். "கேட்காமல் கட்டியிருந்தால் பணத்தோடு போயிருக்காது, ஐயா" என்றார் அவர் தந்தை.

கேள்வி கேட்பவர் ஒவ்வொரு முறையும் வெல்வதில்லை. ஆயின் உண்மை வெளிப்படுகிறது. எழுத்தறிவு பெற்ற நம் மாணவர் ஒவ்வொருவரும், தம் தெருவில் எழுத இயலாத ஒரு முதியவருக்காக ஒரு மனுவேனும் எழுதித் தருவாராயின், தமிழ் கற்றதன் பயன் அத்தெருவிற்கும் சென்று சேரும். ஊர்ப் பெரியவர்கள் பள்ளிவாசல், சங்கக் கட்டட அறிவிப்புப் பலகைகளில் முறையீட்டுப் படிகளை எழுதி வைப்பாராயின் அதுவும் நற்பணியே. அளவையை நிலைநாட்டுமாறு பணித்த இறைவன் அதற்குரிய அறிவையும் துணிவையும் நமக்கு அருள்வானாக!