கச்சத்தீவு: ஆளில்லாத் தீவும் அனுபோக உரிமையும்

அரபியில் தீவைக் குறிக்கும் 'ஜஸீரா' என்னும் சொல், வெட்டுதல், நீர் வடிதல் ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது. கடல் வற்றத்தைக் குறிக்கும் 'ஜஸ்ர்' என்பதும் அவ்வேரினதே. பாக் நீரிணையில் இராமேசுவரத்திற்கு வடகிழக்கே கிடக்கும் கச்சத்தீவும் அவ்வாறு பெருநிலத்தினின்றும் துண்டுபட்ட நிலமே. 285 ஏக்கர் பரப்பு; மணலும் முட்புதரும். குடிநீர் இல்லை, ஆதலின் குடியிருப்பும் இல்லை.

குடியிருப்பு இல்லாமையால் வரலாறும் இல்லையென எண்ணலாகாது. இத்தீவு இராமநாதபுரம் ஜமீனின் அனுபோகத்தில் இருந்தது. 1880இல், எழுபது ஊர்களிலும் பதினொரு தீவுகளிலும் சாயவேர் எடுப்பதற்கு முத்துசாமிப் பிள்ளை என்பாரும் முகம்மது அப்துல் காதிர் மரைக்காயரும் குத்தகை பெற்றனர். அப்பதினொன்றில் கச்சத்தீவும் ஒன்று. துணிக்குச் செந்நிறம் ஏற்றப் பயன்பட்ட வேர் அது. நம்மவர் ஏனோ இப்பத்திரத்தை நினைவுகூர்வதே இல்லை. பின்னர் நம்புதாளையைச் சேர்ந்த ஒருவர் அங்கு அந்தோணியாருக்குக் கோயில் எழுப்பினார். அதன் ஆண்டுத் திருவிழாவில் இருகரைத் தமிழரும் கூடுவர்.

எல்லை பற்றிய பேச்சு 1921இலேயே கொழும்பில் நிகழ்ந்தது. 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தால் தீவு இலங்கையின் பக்கம் சென்றது. எனினும் இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே, பயண ஆவணமின்றி அங்குச் சென்றுவரலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு கூறிற்று. 1976 மார்ச் மாதக் கடிதப் பரிமாற்றமோ, ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடித்தலை விலக்கியது.

இங்கு ஃபிக்ஹுக் கலையின் ஒரு பாகுபாடு நமக்குத் துணைபுரியும். 'மில்க்' என்பது உடைமை. 'இன்திஃபாஉ' என்பது பயன்கொள்ளல். உரிமையாளரற்ற தரிசு நிலத்தைத் திருத்தியவர் அதற்கு உரியவராவார். இதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. வேண்டியதில்லை என்பது இமாம் ஷாஃபிஈயின் கருத்து. ஆனால் வலை உலர்த்துவதும் வேர் பறிப்பதும் நிலத்தைத் திருத்துவதாகா. எனவே நம் கடலோடிகள் அங்குக் கொண்டிருந்தது பயன்கொள்ளல் மட்டுமே. அதனை அற்பமென்று தள்ளவும் இயலாது. மஃரிப் நகரத்து உப்பளத்தை ஒருவருக்கு வழங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது வற்றாத நீரூற்றைப் போன்று யாவருக்கும் எளிதிற் கிட்டுவது என அறிந்ததும் அக்கொடையைத் திரும்பப் பெற்றார்கள். எவருடைய உழைப்புமின்றி விளைவதை ஒருவர் தமக்கென வளைத்துக்கொள்ளலாகாது என்று சட்ட அறிஞர் இதிலிருந்து வகுத்தனர். கடல்மீனும் அத்தகையதே.

ஆயினும் பொதுப்பயனுக்கும் ஒரு வரம்புண்டு. பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் அது நின்றுவிடும். இராமேசுவரத்து மீனவர் கைதாவதும் படகு பறிபோவதும் நெஞ்சைச் சுடுகின்றன. அதே வேளையில், கடலடியை வாரிச்செல்லும் இழுவை மடி தங்கள் வலைகளை அறுத்துக் குஞ்சுமீன்களையும் அழிக்கிறதென்று யாழ்ப்பாணத்து மீனவர் முறையிடுகின்றனர். அவர்களும் தமிழரே, பல்லாண்டுப் போரில் கடலையே இழந்திருந்தவர்கள். இலங்கை 2017இல் அம்மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. தீவு எவருடையதென்னும் வழக்கைத் தீர்த்துவிட்டாலும் இம்முறையீடு அப்படியே எஞ்சும்.