ரோகிணியை ஏசுகிறவர்கள்

வன்னியில் மாலைவேளைகளில் அயலவர் கூடியிருந்து பேசும் விஷயங்களை ஒருவர் பொறுமையோடு செவிமடுப்பாராயின், மழை, நெல் விலை, யானைத் தொல்லை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, சில முற்றங்களில் அவற்றுக்கும் முன்னதாக, சென்னையில் எடுக்கப்படும் ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் குடும்ப விவகாரம் அங்கே தீவிரமாக ஆராயப்படுவதைக் காண்பார். 2023 ஜனவரியில் விஜய் தொலைக்காட்சியில் ஆரம்பித்த 'சிறகடிக்க ஆசை' அது. கார் ஓட்டிப் பிழைக்கும் முத்துவும் பூக்கட்டி விற்கும் மீனாவும், மனம் ஒவ்வாமலே மணவறையில் அமர்ந்து, சண்டையிட்டுச் சலித்து, பின்னர் சிறுகச் சிறுக ஒருவர்மீது ஒருவர் பிரியம் கொள்ளும் கதையே அதன் உயிர்நாடி. ஆனால் முற்றத்து விவாதங்களில் அதிகம் அடிபடும் பெயர் அவ்விருவருடையதும் அன்று. அதே வீட்டுக்கு மற்றொரு மருமகளாக வந்தவளும், தனக்கு முன்னரே மணமாகி ஒரு மகன் இருப்பதை மறைத்தவளும், மலேசியாவிலுள்ள செல்வந்தரின் மகள் என்று பொய்யுரைத்து மனோஜைக் கைப்பிடித்தவளுமாகிய ரோகிணியின் பெயரே அது.

விசுவமடு, தருமபுரம் பக்கங்களில் அறுவடை முடிந்த காலத்தில், சுளகிலே கச்சானைக் குவித்து வைத்துக் கோதுடைக்கும் பெண்களிடையே நிகழும் வாக்குவாதம் பெரும்பாலும் இப்படிப் போகும். "உவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கோ பெரியம்மா, பெத்த பிள்ளையை ஒளிச்சு வைச்சுக்கொண்டு திரியிறாள்" என்று இளையவள் ஒருத்தி ஆரம்பிப்பாள். "உண்மையைச் சொல்லியிருந்தால் உந்த மாமிக்காரி அவளை வாசற்படியிலை ஏத்தியிருப்பாவே பிள்ளை?" என்று, கையிலுள்ள கோதிலிருந்து கண்ணை எடுக்காமலே பெரியவர் கேட்பார். "அதுக்காகப் பொய் சொல்லுறதே? மீனாவைப் பாருங்கோ, இல்லாத வீட்டுப் பிள்ளை, ஒரு பொய் சொன்னவளே?" என்று மூன்றாமவள் குறுக்கிடுவாள். சுளகு நிறையும் வரைக்கும் வழக்கு நடக்கும். தீர்ப்பு மட்டும் மறுநாளைக்கென்று ஒத்திவைக்கப்படும்.

இதனை வேலையற்ற பேச்சென்று ஒதுக்கிவிடும் கல்விமான்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, வன்னிப் பெருநிலத்தில் கணவனை இழந்தும், கணவன் இருக்கிறானா இல்லையா என்பதை அறியமாட்டாமலும், கைக்குழந்தையோடு தனித்து நின்ற பெண்கள் ஆயிரக்கணக்கினர். குடும்ப அட்டையிலிருந்து அவன் பெயரை நீக்குவதற்கு மனம் ஒப்பாமல் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தோரும், மறுமணம் செய்தால் முதற்பிள்ளை யாரிடம் வளரும் என்று அஞ்சி அவ்வெண்ணத்தையே விட்டோரும், துணிந்து செய்துகொண்டபின் உறவினரின் ஏச்சைக் கேட்டுக் கேட்டுச் சுருங்கிப்போனோரும் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். இத்தகைய சமூகத்தில், முதல் மணத்தையும் பிள்ளையையும் மறைத்த ஒருத்தி வஞ்சகியா அபலையா என்ற வினா தொலைக்காட்சிப் பெட்டியோடு நின்றுவிடும் வினாவன்று. கச்சான் உடைத்த அந்தப் பெரியவர் ரோகிணிக்காகப் பரிந்துபேசுகையில், தம் அயலில் வாழும் எவளோ ஒருத்திக்காகவும் பரிந்துபேசுகிறார் என்பது கேட்டிருப்போர் எல்லோருக்கும் விளங்கும். பெயர் குறிப்பிட்டுப் பேசினால் மனத்தாங்கலாக முடியக்கூடிய விஷயத்தை, ஊரில் எவரையும் புண்படுத்தாமல் தர்க்கிப்பதற்குக் கற்பனைப் பாத்திரம் ஒன்று உதவுகிறது.

இப்பழக்கத்தை நாம் தொலைக்காட்சியிடமிருந்து கற்றோம் என்று எண்ணுவது பிழை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தின் வைகாசிப் பொங்கலையொட்டி, சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கத்தைப் பக்தியோடு காத்துவரும் முல்லைத்தீவு மக்கள், அந்த அம்மனின் சரிதத்தையே கோவலன் கூத்தாகத் தலைமுறை தலைமுறையாக ஆடியும் பார்த்தும் வந்திருக்கிறார்கள். விடிய விடிய நடக்கும் அக்கூத்தின் கதை, தெய்வத்தின் கதையாக முடிவதற்கு முன், ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் இன்னொருத்திக்கும் இடையிலான கதையாகவே வளர்கிறது. அந்த இன்னொருத்தியை, மாதவியை, நம் முன்னோர் நடத்திய விதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

இளங்கோவடிகள் படைத்த மாதவி, பொருளுக்காக ஒருவனைப் பற்றிக்கொண்டவள் அல்லள். 1008 கழஞ்சு பெறுமதியான மாலையை வாங்கி அவளிடம் சென்றவன் கோவலன். கடற்கரையிலே பாடிய பாட்டொன்றைத் தவறாகப் பொருள்கொண்டு சந்தேகித்துப் பிரிந்தவனும் அவனே. அவள் எழுதிய முதலாவது கடிதத்தை ஏற்க மறுத்தவன், காட்டுவழியிலே இரண்டாவது கடிதத்தைப் படித்தபோது குற்றம் தன்னுடையதே என்று உணர்கிறான். அவன் மாண்ட செய்தி கேட்டதும் அவள் துறவு பூணுகிறாள். ஆயினும் மக்களிடையே வழங்கும் கோவலன் கதையின் நாட்டார் வடிவங்கள் பலவற்றிலே அவள் பொன்னாசை பிடித்தவளாக, ஒரு குடியைக் கெடுத்தவளாக மாறிவிட்டாள். கண்ணகியை எவ்வளவுக்கு உயர்த்த வேண்டுமென்று சனங்கள் விரும்பினார்களோ, அவ்வளவுக்கு மாதவியைத் தாழ்த்தினார்கள். தங்கள் துக்கத்துக்கும் கோபத்துக்கும் பொறுப்பாளியாக ஒருத்தி அவர்களுக்கு வேண்டியிருந்தாள். கோவலனையோ, அவன் கண்ணகியின் கணவனாதலால், முழுமனத்தோடு வெறுக்க முடியவில்லை. ரோகிணி எவ்வளவு வன்மையாக ஏசப்படுகிறாள் என்பதையும், பொறுப்பில்லாத மனோஜ் எவ்வளவு இலகுவாக மன்னிக்கப்படுகிறான் என்பதையும் பார்க்கையில், அந்தப் பழைய நியாயத்தராசு இன்னமும் நம் கையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

கூத்து மரபிலே ஒரு பெரும் பாதுகாப்பு இருந்தது. வட்டக்களரியில் ஒவ்வொரு பாத்திரமும் தன்னை இன்னார் என்று அறிவிக்கும் வரவுப் பாட்டோடு பிரவேசிக்கும். அண்ணாவியாரும் மத்தளக்காரரும் சபையோரின் கண்முன்னே இருப்பார்கள். மாதவியாக ஆடியவர் இன்னாருடைய மகன் என்பது அங்கே அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். சாமமெல்லாம் மாதவியைத் திட்டித்தீர்த்த கிழவி, விடிந்ததும் முகப்பூச்சைக் கழுவிவிட்டு வயலுக்குப் போகும் அந்த மனிதரை வழியில் கண்டு, "நல்லாய் ஆடினாய் தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்று மறிப்பாள். வெறுப்பு களரியிலேயே தங்கிவிடும். ஆடியவரை நாளை கதிரறுப்பிலும் மறுநாள் செத்தவீட்டிலும் சந்திக்க வேண்டியிருக்கும் ஊரிலே, பாத்திரத்தின் பாவத்தை நடிகன் தலையில் சுமத்துவது எவருக்கும் சாத்தியமில்லை.

கூத்துக்களரியிலிருந்து கைத்தொலைபேசி வரையான தூரத்தை வன்னி வெகு விரைவாகக் கடந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்கலம்கூடக் கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிசுற்ற, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட மக்கள் இவர்கள். தொலைக்காட்சி பார்ப்பதென்றால் பெட்டியையும் டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் ஒரு முற்றத்தில் கூடி, ஓர் இரவுக்கு மூன்று நான்கு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பார்கள். சன் தொலைக்காட்சியின் 'சித்தி' (1999) தமிழ்நாட்டு வீடுகளை மாலைநேரத்தில் கட்டிப்போட்டபோதும், 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஓடி முடிந்தபோதும், வன்னிக் கிராமங்களிற் பெரும்பாலானவை மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. போருக்குப் பின்னர் மின்கம்பிகள் வந்தன. டிஷ் அன்ரெனா வந்தது. அதன்பின் நாடகத்தின் துண்டுக்காட்சிகளை யூரியூப்பிலும் பேஸ்புக்கிலும் பார்த்து, பார்த்த கணத்திலேயே கீழே எழுதக்கூடிய வசதியும் வந்துவிட்டது.

அவ்வாறு எழுதப்படுவனவற்றை நான் வாசித்திருக்கிறேன். ரோகிணியின் பொய்யைப் பற்றி முற்றத்துப் பெண்கள் பேசுவதைப் போன்ற விவேகமான வாதங்களும் அங்கே உண்டு. ஆனால் அவற்றை மூழ்கடித்துக்கொண்டு, அப்பாத்திரத்தை ஏற்ற நடிகையின் முகம், நிறம், உடல், வளர்ப்பு, பெற்றோர், சொந்த வாழ்க்கை ஆகிய அனைத்தையும் இழிவுசெய்யும் வசைகள் பெருகிக் கிடக்கின்றன. அந்நடிகை கதையை எழுதியவரல்லர். வசனத்தை எழுதியவரும் அல்லர். சின்னத்திரையில் நடிகையர் பலருக்குக் குரல் கொடுப்பவர்கூட வேறொருவர். எழுதியவரையும் இயக்கியவரையும் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகின்ற ஒரே முகத்தின்மீது அத்தனை ஆத்திரமும் கொட்டப்படுகிறது.

நேசமும் இதே வரம்பை மீறுவதுண்டு. 'சரவணன் மீனாட்சி'யில் காதலராகத் தோன்றிய செந்திலும் ஸ்ரீஜாவும் 2014இல் மெய்யாகவே மணம்புரிந்தனர். 'ராஜா ராணி'யின் சஞ்சீவும் ஆல்யா மானசாவும் 2019இல் அவ்வாறே செய்தனர். திரையில் இணைந்தவர் வாழ்விலும் இணைவதைக் கண்டு ரசிகர் மகிழ்ந்தது இயற்கை. அதன் பயனாக, வேறெந்த நாடகத்தின் ஜோடியையும் அவ்விதமே பாவிக்கத் தொடங்கி, அவர்களின் உண்மையான மனைவியையோ கணவனையோ குறுக்கே நிற்கும் அந்நியராகக் கருதி ஏசுவோர் தோன்றினார்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' நாடகத்தில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசெம்பரில் அகால மரணமடைந்தபின் அப்பாத்திரத்தை ஏற்றவர் காவ்யா அறிவுமணி. அவருக்குப் பின் லாவண்யா. மறைந்தவர்மேல் கொண்ட அன்பு மெய்யானதே. ஆயினும், வந்தவரின் ஒவ்வோர் அசைவையும் போனவருடையதோடு ஒப்பிட்டுக் குறைசொல்வதால் அந்த அன்புக்கு என்ன பெருமை சேர்ந்துவிடும்? பிறிதொருவர் இறந்ததனால் கிடைத்த இடத்தில் நின்று நடிப்பதே ஒரு பாரம்; அதன்மேல் இதையும் ஏற்றினார்கள்.

வன்னி ரசிகர் அறிந்திருக்க வேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. ஒரு நாடகம் நீடிப்பதா நிற்பதா, வில்லிக்கு எத்தனை காட்சிகள் கொடுப்பது என்பவற்றை நிர்ணயிக்கும் பார்வையாளர் கணக்கை, பார்க் என்னும் நிறுவனம், இந்தியாவிலுள்ள குறிப்பிட்ட வீடுகளில் பொருத்திய கருவிகளைக்கொண்டு எடுக்கிறது. 2015 முதல் வாராவாரம் வெளிவரும் அக்கணக்கிலே கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடமில்லை. நம் கிராமத்துப் பெண் எத்தனை வருஷம் கண்ணீர்விட்டுப் பார்த்தாலும் அந்தப் புள்ளிவிபரத்தில் அவள் இல்லை. அவளுடைய பார்வை பதிவாகும் ஒரே இடம் அந்தத் துண்டுக்காட்சியின் கீழுள்ள கருத்துப் பகுதி. அங்கேயோ, புகழ்ச்சிக்கும் வசைக்கும் எந்திரம் பேதம் பாராட்டுவதில்லை. அதிகம் ஏசப்பட்ட காட்சியே அதிகம் பேருக்குக் காட்டப்படுகிறது. ஏச்சைத் தூண்டும் வகையிலே அடுத்த புரோமோ வெட்டப்படுகிறது. வெறுக்கப்பட்ட பாத்திரத்தின் சூழ்ச்சி மேலும் ஆறு மாதத்துக்கு இழுக்கப்படுகிறது. ரோகிணி அகப்பட வேண்டுமென்று ஆத்திரத்தோடு எழுதுகிறவர், அவள் அகப்படாமலிருப்பதற்கே துணைசெய்கிறார்.

இதன் கொடிய முடிவை ஜப்பான் கண்டது. இளைஞரும் யுவதியரும் ஒரே வீட்டில் தங்கிக் காதல்வயப்படுவதைக் காட்டும் 'டெரஸ் ஹவுஸ்' நிகழ்ச்சியிலே, தன் மல்யுத்த ஆடையைத் துவைத்துச் சுருங்கச் செய்துவிட்ட வீட்டுத்தோழன்மேல் சினந்து அவனது தொப்பியைத் தட்டிவிட்டாள் ஹனா கிமுரா என்னும் வீராங்கனை. அந்த ஒரு காட்சிக்காக இணையத்திலே அவள்மேல் பொழியப்பட்ட நிந்தனைகள் கொஞ்சநஞ்சமன்று. 2020 மே மாதத்தில், 22 வயதில், அவள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். அவளை நிந்தித்தோரில் ஒருவனுக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 9,000 யென். பெற்ற தாய் முன்னின்று போராடியதன் பின்னர், 2022இல், நிந்தனைக் குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை அல்லது 3 இலட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் திருத்தப்பட்டது. கொரியாவிலும், இளம் பாடகியும் நடிகையுமான சுல்லி 2019இல் மாண்ட பின்னர், அந்நாட்டின் பெரிய இணையத் தளங்களாகிய டௌமும் நேவரும் கேளிக்கைச் செய்திகளின் கீழ் வாசகர் எழுதும் பகுதியை மூடிவிட்டன. இலங்கையில் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அரசை விமர்சிப்போரின் வாயை அடைக்க அது பயன்படும் என்ற அச்சம் பலமாக எழுந்திருப்பதனால், ஒரு நடிகையின் மானத்தைக் காக்க அதை நம்பியிருக்க என்னால் இயலவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வகுப்பறைதான். இலங்கைப் பாடசாலைகளிலே 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பயிலப்படும் பாடம்; குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் வளர்த்த கல்வி அரங்கின் செல்வாக்கு வன்னிப் பாடசாலைகளிலும் உண்டு. ஒரு மாணவி ரோகிணியாக நடுவிலே அமரட்டும். மற்றவர்கள் வட்டமாக இருந்து அவளைக் கேள்வி கேட்கட்டும். ஏன் மறைத்தாய், யாருக்குப் பயந்தாய், மனோஜிடம் எதை எதிர்பார்த்தாய் என்று அவர்கள் கேட்கையில், அவள் அந்தப் பாத்திரமாகவே நின்று மறுமொழி சொல்லட்டும்; பின்பு மாதவியாக இன்னொருத்தியும், கோவலனாக ஒரு மாணவனும் வந்து அமரட்டும். பாடம் முடிந்ததும் ரோகிணியாக இருந்தவள் எழுந்து, தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லித் தன் வாங்குக்குத் திரும்பட்டும். வாக்குவாதம் இடைவேளையிலும் தொடருமானால் ஆசிரியர் தடுக்க வேண்டியதில்லை.